தாய்மாமன் கத்தி

கையைத்தானே பாக்கறீங்க? பாருங்க சார், தப்பில்ல. ஏறினதுலருந்து மூணு தடவை பாத்துட்டீங்க. ஜன்னலைப் பாக்கற மாதிரி பாத்துட்டு அப்படியே இந்தப் பக்கம் கண்ணு வருது. பைக்குல விழல. யாரும் அடிக்கல. குடிக்கிற பழக்கம் கிடையாது. நாய் கடிச்சதான்னு கண்டக்டரே கேட்டுட்டுத்தான் டிக்கெட் குடுத்தாரு. நாலு தையல். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல, இந்த எடத்துல. புள்ளைக்கு ஒன்னும் ஆகல, அதை மொதல்லயே சொல்லிடறேன். பாதிக் கதையில எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. எனக்கு வலிக்குதான்னு ஒருத்தரும் கேக்கறதில்ல.

மதுரை வரைக்கும்தானே? அப்ப நேரம் இருக்கு. அந்த நீலப் பையைக் கொஞ்சம் பாத்து, கால் படாம வச்சிக்கங்க, உள்ள சாமான் இருக்கு. முன்னால லேடீஸ் சீட்டுல ரெண்டாவதா உக்காந்திருக்காங்க பாருங்க, பச்சைச் சேலை, அதுதான் எங்க வீட்டம்மா. பூங்கோதைன்னு பேரு. நேத்துக் காலையிலருந்து எங்கிட்டப் பேசறதில்ல. அதனாலதான் உங்ககிட்டப் பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

என் பேரு சேவுகப்பெருமாள். சர்வேயர். இருபத்தி மூணு வருஷமா நிலம் அளக்கறேன். அரை அடி வரப்புக்கு அண்ணனும் தம்பியும் மம்பட்டியைத் தூக்கிக்கிட்டு நிப்பாங்க, நான் நடுவுல சங்கிலியைப் புடிச்சிக்கிட்டு நிப்பேன். கோணம்னா என்னன்னு எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டியதில்ல. ஏன் சொல்றேன்னா, இந்த விஷயமே கோணம்தான். முப்பது டிகிரி. கத்திக்கும் கன்னத்துக்கும் நடுவுல முப்பது டிகிரி இருக்கணும். இருபதுக்குக் கீழ போனா முடியைப் புடிச்சு இழுக்கும். நாப்பதுக்கு மேல போனா தோலைச் சீவும். முப்பதுல வச்சா வெண்ணெய் மாதிரிப் போகும். போகும்னு சொல்றாங்க.

சவரக்கத்தி சார். அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

போன ஆவணியில ஆரம்பிச்சது. ஆபீஸ்ல மத்தியானம் சாப்பிட்டுட்டு போனைப் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரர். தோல் நாற்காலி, மர மேசை, பின்னாடி புல்லாங்குழல் சத்தம். கத்தியை எடுக்கறார். பிளேடு மாட்டற கத்தி இல்ல, முழுசா ஒரே இரும்பு, மடக்குற கத்தி. தோல்வார்ல முன்ன பின்ன நாப்பது தடவை தீட்டறார். ஒரு வார்த்தை பேசல. பிரஷ்ஷால நுரையைக் குழைக்கறார், பூசறார், கத்தியைக் கன்னத்துல வைக்கறார், சர்ருன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு சார். மனுஷன்னா தன் முகத்துக்குத் தானே இப்படி மரியாதை குடுக்கணும்னு தோணிச்சு. ஆபீஸ் முடியற வரைக்கும் அதே நினைப்பு.

சாயங்காலம் நேரா ராசு கடைக்குப் போனேன். ராசு எங்க தெரு முனையில சலூன் வச்சிருக்கான். என்னைவிட ஆறேழு வயசு மூத்தவன், ஆனா ராசுன்னுதான் கூப்பிடுவேன், பழகிடுச்சு. பதினெட்டு வருஷமா அவன்தான் எனக்குச் சவரம். கழுத்துல இழுத்துக்கிட்டிருக்கும்போது கேட்டேன்.

"ராசு, நீ கத்தியை எந்தக் கோணத்துல புடிக்கறே?"

போனைத் தோள்ல இடுக்கி மககிட்டப் பேசிக்கிட்டிருந்தான். "கோணமா? அதெல்லாம் பாத்ததில்ல சார். மூஞ்சியைத்தான் பாப்பேன்"னான்.

எனக்கு வந்துச்சே கோவம்! பதினெட்டு வருஷமா ஒரு அளவும் தெரியாதவன் கையில கழுத்தைக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன். ஒரு கீறல் விழுந்ததில்ல, அது வேற விஷயம், அதிர்ஷ்டம்னு ஒன்னு இருக்குல்ல. "உங்கிட்ட அந்தப் பழைய முழுக்கத்தி இருக்கா?"ன்னு கேட்டேன். "இருந்துச்சு சார். இப்ப ஆளுக்கு ஒரு பிளேடு மாத்தறோம்ல, அதான் நல்லது. நோய் நொடி வராது"ன்னான். நான் கலையைப் பத்திக் கேக்கறேன், இவன் சுகாதாரத்தைப் பத்திப் பேசறான். இனி உன் கடைப் பக்கம் வர மாட்டேன் ராசுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு வந்துட்டேன்.

ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். கத்தி, தோல்வார், ஏதோ காட்டு மிருகத்து முடியில செஞ்ச பிரஷ், நுரை குழைக்க ஒரு கிண்ணம். வீட்டம்மா கிண்ணத்தைப் பாத்து ஊறுகாய்க்கு நல்லாருக்கும்னு எடுத்துக்கிட்டா. சண்டை போட்டு வாங்கினேன். வாட்ஸப்புல ஒரு குரூப்புலயும் சேந்தேன், 'கூர்முனை நண்பர்கள்'னு பேரு. இருநூத்திப் பன்னெண்டு பேர். காலையில எந்திரிச்சதும் 'கூர்மையான காலை வணக்கம்' போடுவாங்க. அப்பறம் அவங்கவங்க நுரையைப் போட்டோ எடுத்துப் போடுவாங்க. அட்மின் ஓசூர்ல ஏதோ கம்பெனியில பெரிய வேலையில இருக்கார். கத்தியைப் பத்தி அவருக்குத் தெரியாதது இல்ல. ஆனா அவருக்குத் தாடி, நெஞ்சு வரைக்கும். ஒருநாள் மெதுவாக் கேட்டேன், சார் எப்படின்னு. "நான் கொள்கை அளவில் ஆதரிக்கிறேன்"னு பதில் போட்டார். நல்ல விளக்கமாத்தான் இருந்துச்சு.

புதுசாச் சேர்ற ஆளுக்கு மொத பாடம் பலூன். பலூனை ஊதி, நுரையைப் பூசி, வெடிக்காம வழிச்சு எடுக்கணும். ஞாயித்துக்கிழமை காலையில மொட்டை மாடியில உக்காந்தேன். நாப்பத்தி ஒன்னு வெடிச்சுது சார். பக்கத்து வீட்ல ரிட்டயர்டு போலீஸ்காரர் ஒருத்தர் இருக்கார், லுங்கியோட வெளிய ஓடி வந்துட்டார். நாப்பத்தி ரெண்டாவது பலூன் தப்பிச்சுது. காத்து கொஞ்சம் கம்மியா ஊதினது. பரவால்ல, குரூப்புல பாஸ்னு சொல்லிட்டாங்க.

தீட்டறதுன்னு ஒன்னு இருக்கு, அதுதான் முக்கால்வாசி வேலை. வாரை ஜன்னல் கம்பியில மாட்டி இழுத்துப் புடிக்கணும். கத்தியோட முதுகு முன்னால போகணும், கூர் பின்னால வரணும். கடைசியில திருப்பும்போது முதுகு மேலயே புரட்டணும். நான் ஒரு தடவை கூர் மேல புரட்டிட்டேன், வார் ரெண்டு துண்டாப் போச்சு. கத்தி நல்ல கூர்னு அதுல தெரிஞ்சுக்கிட்டேன். மிச்சம் இருந்த பாதி வார்லயே தீட்டிப் பழகிட்டேன், கைக்கு அடக்கமா இருக்கு.

மொத சவரம் ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டம்மா தலையில அடிச்சுக்கிட்டா. "செவ்வாய்க்கிழமையும் அதுவுமா, வீட்டுக்குள்ள, வெளக்கு எரியும்போது கத்தியைத் தூக்கிக்கிட்டு நிக்கறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"ன்னா. "ராசு கடைக்கு லீவுன்னா என் கன்னத்துக்குமா லீவு?"ன்னு கேட்டேன். 

பக்கத்து வீட்டுப் பாப்பாகிட்டப் பாகைமானி வாங்கி வச்சிருந்தேன். ஆனா ஒரு சிக்கல். மூக்குக் கண்ணாடியைப் போட்டா நுரை ஒட்டுது. கழட்டினா டிகிரி தெரியல. அதனால பாகைமானியை வீட்டம்மாவைப் புடிக்கச் சொன்னேன். கன்னத்தோரமா வச்சு எத்தனை டிகிரின்னு படிச்சுச் சொல்லணும், அவ்வளவுதான் வேலை. அவ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, "முப்பது, முப்பது, முப்பது"ன்னு சாமி கும்பிடற மாதிரி சொல்லிக்கிட்டிருந்திருக்கா. எனக்கு எப்படித் தெரியும்? நான் பாட்டுக்கு இழுத்தேன்.

ரத்தம்னா ரத்தம். படிகாரம் வச்சா நிக்கும்னு வீடியோவுல சொல்லியிருக்கான். வீட்ல படிகாரம் எங்க இருக்கு? வாசல்ல, திருஷ்டிக்குக் கறுப்புக் கயித்துல கட்டித் தொங்குது. துண்டைக் கட்டிக்கிட்டு, பாதி மூஞ்சி நுரையும் மீதி ரத்தமுமா ஓடிப்போய், எக்கி அதைப் பிச்சு மூஞ்சியில தேச்சேன். எதுத்த வீட்டு டீச்சரம்மா கோலம் போட்டுக்கிட்டிருந்தாங்க. கோலமாவை அப்படியே போட்டுட்டு உள்ள போய்க் கதவைத் தாப்பாள் போட்டுட்டாங்க. பூங்கோதை என்னை வெட்டிட்டான்னு தெருவுல சாயங்காலத்துக்குள்ள பேச்சு. அவளுக்கு அதைவிடத் திருஷ்டிப் படிகாரம் போன கவலை. "ஊர்க் கண்ணெல்லாம் இனி உங்க மூஞ்சி வழியாத்தான் வீட்டுக்குள்ள வரும்"னா. ஆபீஸ்ல பேப்பர் துண்டு ஒட்டின மூஞ்சியோட போய் உக்காந்தேன். "என்னய்யா, எல்லைத் தகராறுல மாட்டிக்கிட்டியா?"ன்னாரு ஆபீஸர். சிரிக்கட்டும். புதுசா எவன் எதைப் பண்ணாலும் சிரிக்கத்தான் செய்வாங்க.

உண்மையைச் சொல்றேன், உங்ககிட்ட மறைக்கறதுல என்ன இருக்கு. ஒரு மாசத்துல எனக்குக் கை நல்லாப் படிஞ்சிருச்சு. நுணுக்கமான எடங்களை மட்டும் ராசுகிட்ட விட்டிருந்தேன். மேலுதடு, தாடை, கழுத்து, அப்பறம் எடது கன்னம். வலது கன்னத்துலயும் காது ஓரம். மத்ததெல்லாம் நான்தான். முடிச்சுட்டு வந்து குரூப்புல போட்டோ போட்டா, 'கண்ணாடி போன்ற பளபளப்பு'ன்னு பாராட்டுவாங்க. எல்லாம் பயிற்சிதான். ராசு ஒரு வார்த்தை கேக்க மாட்டான். மூஞ்சியை இப்படித் திருப்பிப் பாப்பான், அப்படித் திருப்பிப் பாப்பான், பிளேடை மாத்துவான், நாலு நிமிஷத்துல முடிச்சுடுவான். அவசரக்காரன்.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன்.

எனக்கு ஒரே தங்கச்சி, தமயந்தி. காளையார்கோவில் பக்கம் கட்டிக் குடுத்திருக்கு. மாப்பிள்ளை அழகுராஜா, தங்கமான பையன். ஒம்பது வருஷம் கழிச்சு அவளுக்கு ஒரு பையன் பொறந்தான், நிலவன்னு பேரு. எங்களுக்குப் புள்ளை இல்ல சார். கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆச்சு. அதை விடுங்க, அதைப் பேச வேணாம். ஆனா அந்தப் பயல் பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியில மொத ஆளா வாங்கினது நான்தான். போனா வந்தா என்மேலதான் கெடப்பான். சட்டைப் பாக்கெட்ல கையை விட்டுப் பேனாவைப் புடுங்கி வாயில வச்சுக்குவான். 'மா... மா...'ங்கறான். அம்மாவைச் சொல்றான்னு தமயந்தி சொல்லுவா. என்னைப் பாத்துச் சொல்லும்போது அது அம்மாவா எப்படி இருக்க முடியும்?

பதினோராம் மாசம் மொட்டை போடறதுன்னு முடிவாச்சு. மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி அய்யனார், கண்மாய்க் கரையில கோயில். உங்களுக்குத் தெரியாததா, மொதல் மொட்டைன்னா தாய்மாமன் மடியிலதான். மாமன் சீர் கொண்டுபோகணும், மடியில புதுத்துண்டை விரிக்கணும், புள்ளையை வச்சுக்கணும், முடி மாமன் மடியில விழணும். ராஜாவே வந்தாலும் அந்த எடத்துல வேற ஆள் உக்கார முடியாது. பதினேழு வருஷமா புள்ளைங்க விசேஷம் ஒன்னுலயும் எங்களை முன்னால கூப்பிட்டதில்ல சார், எனக்கு வந்த ஒரே மரியாதை அது. தேதி சொன்ன அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல.

அப்பத்தான் அந்த யோசனை வந்துச்சு. மாமன் மடி மட்டும் எதுக்கு? மாமன் கையாலயே மொட்டையும் போட்டா என்ன? கத்தி இருக்கு, கலை தெரியும். குரூப்புல சொன்னேன், ஒரே கைதட்டல். 'வரலாற்றுச் சிறப்பு மிக்க சவரம்'னு அட்மின் எழுதினார். நேரலையில காட்டணும்னு எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க.

தமயந்திக்குப் போன் போட்டுச் சொன்னேன்.  லைன் கட்டாயிருச்சோன்னு ஹலோ ஹலோங்கறேன். அப்பறம் சொல்றா, "அண்ணே, உன் மடி போதும்ணே. கை வேணாம்ணே."

கேட்டீங்களா? கூடப் பொறந்தவ பேசற பேச்சா இது? இவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தது இந்தக் கை. கல்யாணத்துல மாப்பிள்ளை கையில புடிச்சுக் குடுத்தது இந்தக் கை. எனக்குச் சுருக்குன்னு போச்சு. மூணு வாரம் போன் எடுக்கல. வீட்டம்மா ரெண்டு தடவை ஏதோ கேக்க வந்தா, "ஏங்க, நீங்க கத்தியைப் புடிச்சா அப்ப..."ன்னு ஆரம்பிச்சா. "நீயும் அவ கட்சியா?"ன்னு வாயை அடைச்சுட்டேன்.

ஆனா பயிற்சியை விடல. புள்ளைத் தலைன்னா பலூன் சரிப்படாது. வெண்பூசணிப் பிஞ்சு பாத்திருக்கீங்களா? மேல சுணை இருக்கும், பூனைமுடியாட்டம். அதை வழிச்சுப் பழகினா புள்ளைத் தலை தானா வரும்னு நானே கண்டுபுடிச்சேன், எந்த வீடியோவுலயும் இல்ல. மார்க்கெட்ல போய், "பதினோரு மாசப் புள்ளை தலை அளவுக்கு ஒரு பூசணி குடும்மா"ன்னு கேட்டா அந்தம்மா ஒரு மாதிரிப் பாக்குது. தினம் ஒன்னு. வழிச்சதை வீணாக்கக் கூடாதுல்ல. கூட்டு, மோர்க்குழம்பு, சாம்பார், மறுபடியும் கூட்டு. "சவரம் பண்ணின பூசணிக்கு ருசி ஒன்னும் கூடல"ன்னா வீட்டம்மா. அவளுக்கு எதுலயும் ஒரு ஆர்வம் கிடையாது.

கடைசியில மாப்பிள்ளைதான் எறங்கி வந்தாரு. "மச்சான், நீங்க வராம என் புள்ளைக்கு மொட்டை இல்ல. மொத இழுப்பு மட்டும் உங்க கையால வச்சுக்கங்க. மிச்சத்தைக் கோயில் ஆளு பாத்துக்கட்டும்"னாரு. பெருந்தன்மையா ஒத்துக்கிட்டேன்.

நேத்துக் காலையில போய் எறங்கினோம். ஏழு தட்டுச் சீர். புள்ளைக்குப் பட்டுச் சட்டை, மோதிரம். கத்தி தனியா, வெல்வெட் பெட்டியில. கோயில் முன்னால அய்யனார் குதிரை ஒன்னு நிக்குது, ஆள் உசரத்துக்கு. அது முன்னங்காலுல போனைக் கட்டி நேரலையைப் போட்டேன். நூத்தி எண்பது பேர் வந்துட்டாங்க. கோயில் சவரக்காரர் மாரிச்சாமின்னு ஒருத்தர், கல்லுல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டிருந்தாரு. நான் பெட்டியைத் தெறந்து கத்தியைக் காட்டினேன். எட்டிப் பாத்துட்டு, "நல்ல இரும்பு"ன்னாரு. அவ்வளவுதான். பலகையைப் போட்டாங்க. மேளம் அடிக்குது, சொந்தமெல்லாம் சுத்தி நிக்குது.

"புள்ளை யார் மடியிலய்யா?"ன்னு கேட்டாரு மாரிச்சாமி.

"என் மடியில"ன்னேன்.

"கத்தி?"

"என் கையில."

அவரு வெத்தலையை மெல்லறதை நிறுத்திட்டாரு. "மடியில புள்ளையை வச்சுக்கிட்டு எப்படிய்யா தலையில கத்தி வைப்பீங்க? அதுக்கு எதுத்தாப்புல உக்காரணும். ரெண்டுல ஒன்னைச் சொல்லுங்க, வெயில் ஏறுது. எனக்கு இன்னும் நாலு தலை இருக்கு"ன்னாரு.

 நான் சர்வேயர். ஒரே ஆளு ஒரே நேரத்துல சங்கிலிக்கு ரெண்டு முனையிலயும் நிக்க முடியாதுன்னு ஊருக்குச் சொல்றவன். அது எனக்குத் தோணவே இல்லையே! மாசக்கணக்கா முப்பது டிகிரியைப் பாத்தேன், முப்பது பூசணியைப் பாத்தேன், புள்ளை எங்க உக்காரும்னு ஒரு நாள் பாக்கல. தமயந்தி நிலவனை இடுப்புல வச்சுக்கிட்டுப் பக்கத்துல வந்தா. மெதுவா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, "உக்காருண்ணே"ன்னா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு.

உக்காந்திருக்கலாம். ஆனா அந்தக் குதிரைக் காலுல நூத்தி எண்பது பேர் காத்துக்கிட்டிருக்காங்க. அவங்ககிட்ட என்னன்னு சொல்றது? ஓசூர்லருந்து அட்மின் லீவு போட்டுப் பாத்துக்கிட்டிருக்காரு.

கத்தின்னு சொல்லிட்டேன்.

மடி காலியா விட முடியாதுல்ல. தமயந்திக்கு அண்ணன் முறையில யார் இருக்கான்னு தேடினாங்க. தேட வேண்டியதே இல்லாம எங்க சித்தப்பா மகன் ஜெயக்கொடி வந்து சம்மணம் போட்டு உக்காந்துட்டான். எனக்கும் அவனுக்கும் ஆறு வருஷமாப் பேச்சு கிடையாது, வரப்புத் தகராறு, அளந்தது நான்தான், சரியாத்தான் அளந்தேன். நான் வாங்கிட்டு வந்த புதுத்துண்டை அவன் மடியில விரிக்கறாங்க. என் புள்ளையைத் தூக்கி அவன் மடியில வைக்கறாங்க. தங்கச்சிப் புள்ளை, சரி, என் புள்ளைன்னுதான் வாயில வருது.

எதுத்தாப்புல உக்காந்தேன். தண்ணி தெளிச்சாச்சு. எடது கையில நுரைக் கிண்ணம், வலது கையில கத்தி. நிலவன் ஜெயக்கொடியை ஏறிட்டுப் பாத்தான். தெரியாத மூஞ்சி. ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டான். அழுதுக்கிட்டே திரும்பினான், என்னைப் பாத்துட்டான். பாத்ததும் ரெண்டு கையையும் நீட்டறான் சார். தூக்குன்னு நீட்டறான். 'மா... மா...'ங்கறான். அம்மா பின்னால நிக்கறா, அவ பக்கம் திரும்பவே இல்ல.

ரெண்டு கையிலயும் சாமானை வச்சுக்கிட்டு நான் எப்படித் தூக்குவேன்?

ஒரே எம்பு. ஜெயக்கொடி புடி நழுவிருச்சு. புள்ளை என்மேல பாயறான், நடுவுல கத்தி. கிண்ணத்தைப் போட்டுட்டு எடது கையால கத்தியோட கூர்ப் பக்கத்தையே புடிச்சு என் பக்கம் இழுத்துட்டேன். மடங்கி உள்ள எறங்கிருச்சு. அந்த நேரத்துல கத்தி என்ன கோணத்துல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. பாக்கல. புள்ளையைத்தான் பாத்தேன்.

ரத்தத்தைப் பாத்துப் பொம்பளைங்க கத்தறாங்க. மாரிச்சாமி எந்திரிச்சு வந்து என் கத்தியைப் புடுங்கித் தண்ணியில போட்டாரு. தன் பையிலருந்து ஒரு பிளேடை எடுத்து மாட்டினாரு, நாலு நிமிஷத்துல மொட்டை முடிஞ்சுது. அவரும் அவசரக்காரர்தான். புள்ளை அழுகையை நிறுத்திட்டு ஜெயக்கொடி மோதிரத்தைத் திருகிக்கிட்டிருக்கான். முடியெல்லாம் அவன் மடியில. சந்தனத்தைக் குழைச்சு அந்த மொட்டையில அவன்தான் பூசினான். போட்டோக்காரன், "தாய்மாமா இப்படிப் பாருங்க"ங்கறான், அவனைப் பாத்து. நான் குதிரைக்குப் பின்னால நின்னேன்.

தமயந்திதான் வந்து துணியைக் கிழிச்சுக் கையைக் கட்டினா. திட்டுவான்னு நெனச்சேன். திட்டல. முடிச்சைப் போட்டுக்கிட்டே, "நீ உக்காந்திருந்தா அவன் அழுதிருக்கவே மாட்டான்ணே"ன்னா. எனக்கு அழுகை வந்துருச்சு சார். அத்தனை பேர் முன்னால தேம்பித் தேம்பி அழுதேன். வலிதான். நாலு தையல்னா சும்மாவா?

குரூப்பைப் பாக்கறீங்களா? இந்தாங்க. அட்மின் எழுதியிருக்காரு பாருங்க, 'நுரை அருமை நண்பரே, கோணம் மட்டும் சற்றே பிசகிவிட்டது.' அவரு சொல்றதும் சரிதான். அடிப்படையில தப்பு கத்தியில இல்ல. உக்காந்த தூரம் ஒரு முழம் அதிகம், அப்பறம் நுரை கொஞ்சம் தண்ணியா... இருங்க, எந்த ஊரு இது? பூவந்தியா? அடேயப்பா, என்ன கூட்டம் ஏறுது.

ஏம்மா, ஏம்மா நிக்கறே கைப்புள்ளையை வச்சுக்கிட்டு? கம்பியையும் புடிக்க முடியாம புள்ளையையும் புடிக்க முடியாம. குடும்மா இப்படி. இல்லம்மா, சின்னக் காயம்தான், கட்டுப் போட்டிருக்கு, ஒன்னும் பண்ணாது. இவரு வேணாம், இவரு பையை வச்சிருக்காரு. எங்கிட்டக் குடு. அந்தா முன்னால பச்சைச் சேலை, என் சம்சாரம்தான். நீ போய் அந்தக் கம்பியில சாஞ்சு நில்லு, நான் பாத்துக்கறேன். வாங்க வாங்க, வாங்க ராசா. அட, கழுத்து நிக்கல. தூக்கமா? சரி சரி, சாஞ்சுக்கங்க.

சார், கொஞ்சம் பேசாம வாங்க. தூங்குது.